பன்னிரண்டு வயதுக் கணினியைத் தூக்கிப் போடச் சொல்லாத கடை

பழைய கணினியைக் கொண்டுபோய் மேசையில் வைத்ததும் "புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லாத பழுதுபார்ப்பவர் சிங்கப்பூரில் இன்னும் இருக்கிறார். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரின் மேல்மாடி ஒன்றில், இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் கடை. பெயரை எழுத வேண்டாம் என்று அந்தத் தம்பி கேட்டுக்கொண்டார். தனி ஆளாகப் பார்க்கிறார். கூட்டம் சேர்ந்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் இவ்வளவு நேரம் கொடுக்க முடியாது என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். ஆனாலும் அவர் செய்த வேலையை எழுதாமல் விட எனக்கு மனமில்லை. நான் பட்ட அவதியை இப்போது பல வீடுகளில் படுகிறார்கள்.

என் கணினி 2013-இல் இதே கட்டடத்தில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது. இன்டெல் நிறுவனத்தின் நான்காம் தலைமுறை ஐ5 செயலி. இடையில் ரேமைக் கூட்டி, எஸ்எஸ்டி என்ற வேகமான வட்டு ஒன்றும் மாட்டியாயிற்று. நான் தமிழ்ப் பக்க வடிவமைப்பு செய்கிறவள்: சங்கங்களின் ஆண்டுமலர், திருமண அழைப்பிதழ், சில பள்ளிகளுக்குப் பயிற்சித்தாள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டிய பேஜ்மேக்கர் (பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்புகள் ஏராளமாக இருக்கின்றன. வாடிக்கையாளர் திடீரென்று வந்து பழைய மலரைத் திறக்கச் சொன்னால் திறக்க வேண்டும். அதற்கு விண்டோஸ் வேண்டும். ஆனால் விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது, விண்டோஸ் 11 என் செயலியை ஏற்காது. ஒருசில விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இன்டெல் செயலிகளை அது ஏற்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது. அதனால் அக்கா மகன் வந்து லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை விண்டோஸுக்குப் பக்கத்தில் போட்டுக் கொடுத்தான். இணையம், மின்னஞ்சல், புது வேலை எல்லாம் லினக்ஸில், தமிழ்99 விசைப்பலகையோடு. விண்டோஸுக்கு இணையத்தைத் துண்டித்து, பழைய கோப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் லினக்ஸிலிருந்து கணினியை அணைத்தால் அணைந்து, ஒரு பெருமூச்சு விடும் நேரத்தில் தானாகத் திரும்ப உயிர்பெற்றது. மின்விசிறி சுற்றும், திரை எரியும். இரவெல்லாம் ஓடவிட முடியாது என்று சுவரிலிருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுக்கத் தொடங்கினேன். கொஞ்ச நாள் போனதும் அடுத்தது வந்தது. காலையில் சுவிட்சைப் போட்டால் எஃப்1 அழுத்தச் சொல்லிக் கறுப்புத் திரை. அழுத்தினால் எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் பட்டியல் வராமல் நேராக விண்டோஸுக்குள் போய்விடும். லினக்ஸ் இருந்த சுவடே தெரியாது.

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடைக்குத்தான் போனேன். அவர்கள் துவக்கப் பட்டியலை மறுபடி நிறுவிக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் மறுபடி காணாமல் போனது. திரும்பப் போனபோது மதர்போர்டு போய்விட்டது, இந்த ரகம் இப்போது கிடைக்காது, புதுசு எடுத்துவிடுங்கள் என்று விலைப்பட்டியலை நீட்டினார்கள். அணைத்தால் திரும்ப எரிகிறதே என்று நான் சொன்னதை யாரும் குறித்துக்கொள்ளவே இல்லை. அது வேறு பிரச்சினையாம், லினக்ஸ் அப்படித்தானாம்.

தேக்காவில் அச்சகம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சொல்லித்தான் இந்தக் கடை தெரிந்தது. தொலைபேசியில் பேசியபோதே அவர் கேட்டது எனக்குப் பிடித்தது. "அக்கா, சிபியு மட்டும் தூக்கிட்டு வராதீங்க. அதுல என்னென்ன மாட்டியிருக்கீங்களோ எல்லாத்தையும் கொண்டு வாங்க. கீபோர்டு, மௌஸ், ஹப்பு, பிரின்டர் வயர்கூட." ஈசூனிலிருந்து டாக்சியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

பெட்டியைத் திறக்குமுன் அவர் ஒரு தாளை எடுத்து, "முதல்ல என்ன ஆச்சு, அதுக்கப்புறம் என்ன ஆச்சு, வரிசையா சொல்லுங்க" என்றார். சொன்னேன். லினக்ஸ் போட்டது, அணைக்காமல் போனது, சுவர் சுவிட்ச், பட்டியல் மறைந்தது. சுவர் சுவிட்ச் என்றதும் நிறுத்தினார். "தினமும் ராத்திரி சுவத்துல ஆஃப் பண்றீங்களா? இது எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டு அதைச் சுற்றி வட்டம் போட்டார். மற்றவர்கள் இரண்டு தனித்தனிக் கோளாறு என்று பார்த்ததை அவர் ஒரே சங்கிலியாகப் பார்த்தது அந்த நேரத்தில்தான்.

பெட்டியைத் திறந்ததும் மதர்போர்டில் நாணயம்போல் இருக்கும் பேட்டரியைக் கழற்றி மல்ட்டிமீட்டரில் வைத்தார். சிஆர்2032, மூன்று வோல்ட் காட்ட வேண்டியது. 2.4 காட்டியது. 2013-இல் போர்டோடு வந்த அதே பேட்டரி. இவ்வளவு காலம் எப்படித் தாங்கியது என்று கேட்டேன். பெட்டியில் மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும் பவர் சப்ளை ஐந்து வோல்ட் காத்திருப்பு மின்சாரம் ஒன்றைத் தந்துகொண்டே இருக்கும். போர்டின் கடிகாரமும் அமைப்புகளும் அதில் ஓடும். பேட்டரிக்கு அப்போது வேலை கிடையாது என்று விளக்கினார். "பேட்டரி எப்பவோ போச்சுக்கா. கரண்ட்தான் அதைத் தாங்கிப் பிடிச்சிருந்துச்சு. நீங்க சுவத்துல ஆஃப் பண்ண ஆரம்பிச்சதும் தெரிஞ்சுபோச்சு."

சுவிட்சை அணைத்த இரவுகளில் போர்டு தன் அமைப்புகளை மறந்து, ஆலையில் வைத்த நிலைக்குத் திரும்பியிருக்கிறது. எந்த வட்டிலிருந்து முதலில் துவங்க வேண்டும் என்ற வரிசையும் அதோடு போய்விட்டது. விண்டோஸ் வட்டு முதலில் வந்து நின்றதால் நேரே அதற்குள் போயிற்று. லினக்ஸும் அதன் பட்டியலும் வட்டில் பத்திரமாகத்தான் இருந்தன, யாரும் அவற்றை மறுபடி நிறுவியிருக்கத் தேவையில்லை. புது பேட்டரி போட்டு, பயாஸில், அதாவது போர்டின் சொந்த அமைப்புத் திரையில், வரிசையை மாற்றியதும் என் கண் முன்னாலேயே பட்டியல் வந்தது. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு செக்யூர் பூட் (துவங்கும் மென்பொருள் நம்பகமானதா என்று சரிபார்க்கும் வசதி) இயங்கிய பல கணினிகளில் லினக்ஸைத் துவங்கவிடாமல் தடுத்தது உண்மை. இதுவும் அதுதான் என்று உறவினர் ஒருவர் உறுதியாகச் சொல்லியிருந்தார். என் கணினியில் செக்யூர் பூட் அணைந்தே இருந்தது, அந்தக் கணினிகளின் திரையில் வந்த எச்சரிக்கையும் இதில் வரவில்லை. தம்பி அதை ஒரு நிமிடத்தில் பார்த்து ஒதுக்கிவிட்டார்.

பேட்டரியோடு விட்டிருந்தாலும் நான் நன்றி சொல்லிக் கிளம்பியிருப்பேன். அவர் விடவில்லை. சுவர் சுவிட்சுக்கு என்னைத் தள்ளியது எது என்பதுதான் அவருக்கு முக்கியம். விண்டோஸிலிருந்து முழுதாக அணைத்துப் பார்த்தார், அணைந்தே கிடந்தது. லினக்ஸிலிருந்து அணைத்தார், எழுந்துகொண்டது. ஆக, பவர் சப்ளையோ முன்பக்கப் பொத்தானோ காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. பிறகு ஒவ்வொன்றாக விலக்கினார். இணையக் கம்பியைப் பிடுங்கினார், எழுந்தது. வலைப்பின்னல் வழியாக எழுப்பும் வசதியை பயாஸில் அணைத்தார், எழுந்தது. ஹப்பைக் கழற்றினார், விசைப்பலகையைப் பழைய வட்டத் துளைக்கு மாற்றினார், அப்போதும் எழுந்தது. கடைசியில் பயாஸில் யூஎஸ்பி 3 துளைகளை நடத்தும் கட்டுப்பாட்டகத்தையே முடக்கினார். லினக்ஸிலிருந்து அணைத்தோம். அணைந்தது. காத்திருந்தோம், எழவே இல்லை.

அந்தக் கால இன்டெல் போர்டுகள் சிலவற்றில் இப்படி உண்டு என்றார். யூஎஸ்பி 3 புதிதாக வந்த நேரம். அதே துளைகளைப் பழைய யூஎஸ்பி 2 கட்டுப்பாட்டகத்துக்கும் புதியதற்கும் மாற்றி மாற்றி இணைக்கும் ஏற்பாடு அந்தப் போர்டுகளில் இருந்தது. அணைக்கும்போது அதைச் சரியாகத் திருப்பி ஒப்படைக்காவிட்டால், போர்டு அதை எழுப்பும் அழைப்பாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸின் மைய நிரலான கெர்னலிலேயே, அணைத்த சில நொடிகளில் திரும்ப எரியும் போர்டுகளுக்கென்று தனி வரிகள் எழுதியிருக்கிறார்களாம். என் போர்டுக்கு அது போதவில்லை.

யூஎஸ்பி 3-ஐ முடக்கியே வைத்தால் என் வெளிவட்டு வேகம் போய்விடும். அதற்கும் அவரிடம் வழி இருந்தது. பயாஸில் இஆர்பி என்று ஓர் அமைப்பு. அணைந்த கருவி அரை வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2013-இலிருந்து வைத்த வரம்புக்காகப் போர்டுகளில் வந்தது. அதை இயக்கினால், அணைந்தபின் யூஎஸ்பிக்கும் வலைப்பின்னலுக்கும் காத்திருப்பு மின்சாரம் போகாது. மின்சாரமே போகாத இடத்திலிருந்து எழுப்பும் அழைப்பு எங்கிருந்து வரும்? யூஎஸ்பி 3-ஐத் திரும்ப இயக்கி, இஆர்பியையும் இயக்கி, லினக்ஸிலிருந்து அணைத்தார். சொன்னபடி அணைந்தது. கைப்பேசியை அணைந்த கணினியில் மாட்டி மின்னேற்ற முடியாது, விசைப்பலகையால் கணினியை எழுப்ப முடியாது. எனக்கு இரண்டும் வேண்டியதில்லை.

கடிகாரத்தையும் நான் கேட்காமலே பார்த்தார். விண்டோஸில் தேதி ஒரு நாள் 2013 என்று காட்டும், இன்னொரு நாள் தேதி சரியாக இருந்து நேரம் மட்டும் பின்தங்கும். நான் இரண்டையும் ஒன்றாகவே நினைத்திருந்தேன். அவர் பிரித்தார்: 2013 காட்டினால் பேட்டரி, சரியாக எட்டு மணி நேரம் பின்தங்கினால் இரண்டு இயங்குதளம். லினக்ஸ் போர்டின் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. சிங்கப்பூர் அதைவிட எட்டு மணி நேரம் முன்னால். பிற்பகல் மூன்று மணிக்கு விண்டோஸ் காலை ஏழு என்று காட்டியது அதனால்தான். லினக்ஸையும் உள்ளூர் நேரத்தை எழுதும்படி மாற்றிவிட்டார். கோடையில் கடிகாரத்தைத் திருப்பும் நாடுகளில் இது குழப்பம் தருமாம். 1982 ஜனவரி 1 அன்று, உலகப் பொது நேரத்தைவிட ஏழரை மணி முன்னால் என்பதிலிருந்து எட்டு மணி என்று மாறியபின் நம் நேரம் அசையவே இல்லை, இங்கே பயமில்லை.

இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, ஷட் டவுன் கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. வேகமாகத் துவங்குவதற்காகக் கெர்னலின் நிலையை வட்டில் ஒரு கோப்பாக எழுதிவைத்துவிட்டு அணைகிறது. அந்த நிலையில் லினக்ஸுக்குள் போனால் விண்டோஸ் வட்டில் எழுத முடியாது, படிக்க மட்டும் முடியும். என் ஆண்டுமலர்க் கோப்புகள் லினக்ஸில் சேமிக்க மறுத்த மர்மம் இதுதான். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்தார். விண்டோஸ் துவங்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகிறது, கோப்பு பத்திரம். இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை இன்றைக்கே செய்துவிடுங்கள்.

பவர் சப்ளையையும் அளந்தார். கெப்பாசிட்டர் எதுவும் உப்பவில்லை, வோல்ட் சரியாக நிற்கிறது, ஆனால் இந்த வயதில் நம்பி வைத்திருக்க வேண்டாம், அடுத்த ஆண்டுக்குள் மாற்றுங்கள் என்றார். அவரிடமே விற்பனைக்கு இருந்தது. அன்றே மாற்றச் சொல்லி வற்புறுத்தவில்லை.

மொத்தம் 85 வெள்ளி: சோதனைக்கு 40, பயாஸ் வேலைக்கும் மென்பொருள் வேலைக்கும் 40, பேட்டரி 5. மதர்போர்டு போச்சு என்ற கடை நீட்டிய விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகை. என்ன மாற்றினார் என்று ஒரு தாளில் வரிவரியாக எழுதிக் கொடுத்தார். பேட்டரி மறுபடி போனால் பயாஸில் எதையெல்லாம் திரும்ப வைக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. அதை மடித்துப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. வேலை நேரத்தில் தொலைபேசியை எடுக்க மாட்டார், குறுஞ்செய்திக்கு இரவில்தான் பதில் வரும். வேலை முடியும் நாளை முன்கூட்டிச் சொல்வதில்லை; நான் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாகத்தான் பெட்டி கிடைத்தது, ஓர் அழைப்பிதழ் வேலையை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. கார்டு வாங்குவதில்லை, ரொக்கம் அல்லது பேநவ். உட்கார நாற்காலி கிடையாது; வயதானவர்கள் துணைக்கு ஆள் இல்லாமல் போக வேண்டாம். மடிக்கணினி, கைப்பேசி அவர் பார்ப்பதில்லை.

இந்தத் தம்பியைத் தேடிப் போகிறவர்கள் வார நாளில் பிற்பகல் போங்கள், வாரக்கடைசியில் பேசவே நேரமிருக்காது. டவுன்டவுன் பாதையில் ரோச்சோர் நிலையத்தில் இறங்கினால் கட்டடம் பக்கத்திலேயே. மேல்மாடிகளில் பழுதுபார்க்கும் கடைகள் வரிசையில், மேசையில் மல்ட்டிமீட்டரும் திறந்த பெட்டிகளுமாக ஒரு தமிழர் தனியாக இருப்பார். பெட்டியோடு கம்பிகளையும் எடுத்துப் போங்கள், எந்தத் தொல்லை எப்போது தொடங்கியது என்று முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவர் முதலில் கேட்பது அதைத்தான். பவர் சப்ளை மாற்ற நான் அவரிடமே போவதாக இருக்கிறேன்.