கொழும்பில் வாடகைக்கு உதவி தேடி ஏறி இறங்கிய படிகள்: புரோக்கருக்கு அரை மதிப்பெண்

வீட்டுக்காரரின் வீட்டோடு ஒட்டிய சிறு பகுதியான எங்கள் அனெக்ஸின் வாடகை 38,000 ரூபாய். அடுத்த மாதம் முதல் 55,000 என்று வீட்டுக்கார அன்ரி தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார், ஏதோ பக்கத்து ஒழுங்கையில் கல்யாணம் என்று சொல்வது போல. எனக்கு அன்று இரவு நித்திரை இல்லை. அடுத்த நாளே தொடங்கிய அலைச்சல் மூன்று மாதம் போனது, முற்பணத்தைத் திருப்பி வாங்க இன்னும் இரண்டு மாதம். கொத்து ரொட்டிக் கடைக்கும் சேலைக் கடைக்கும் எல்லாரும் நட்சத்திரம் போடுகிறோம், வாடகை கட்ட வழியில்லாதவர் எந்தப் படி ஏறலாம் என்பதற்கு யாரும் போடுவதில்லை. ஆகவே நான் போடுகிறேன். பத்துக்கு.

முதலில் போனது புரோக்கரிடம், எல்லாரையும் போலத்தான். பேர் சொல்லப் போவதில்லை, சொல்லியும் பிரயோசனமில்லை, காலி வீதிப் பக்கம் இதே மாதிரி ஸ்கூட்டரும் இரண்டு போனுமாக நிறையப் பேர் நிற்கிறார்கள். ஒரு வீடு காட்ட 2,000, வீடு சரிவந்தால் ஒரு மாத வாடகை அவருக்கு. ஐந்து வீடு காட்டினார். இரண்டு வீட்டுக்கு நாங்கள் போனபோது ஏற்கெனவே ஆள் வந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தது, அதற்கும் 2,000 வாங்கினார். மூன்றாவது வீட்டில் மீன் சமைக்கக் கூடாது. நாலாவது வீட்டில் சொந்த ஊர் எது, எத்தனை பேர் வந்து போவீர்கள், பொலிஸ் பதிவு இருக்கிறதா என்று ஒரு நேர்முகத் தேர்வு. நாங்களும் தமிழர், அவர்களும் தமிழர், ஆனாலும் கேட்பார்கள். ஐந்தாவது வீடு நல்ல வீடு, ஒரு வருட முற்பணம் கேட்டார்கள், அவ்வளவு காசு இருந்தால் நான் ஏன் தம்பி உங்களோடு வெயிலில் திரிகிறேன் என்று புரோக்கரிடம் கேட்டேன், சிரித்தார். மழை வந்த அன்று தன் குடையை எனக்குத் தந்தார், அதற்காக அரை மதிப்பெண்.

அப்புறம் 1919, அரசாங்கத் தகவல் நிலையம். தமிழை அழுத்திவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தால் ஒருவர் எடுக்கிறார், மரியாதையாகப் பேசுகிறார். வாடகை கட்ட உதவித் திட்டம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். சற்று நேரம் தேடிவிட்டு, அப்படி ஒன்று இல்லை அம்மா, பிரதேச செயலகத்தில் கேளுங்கள் என்றார். அவர் சொன்னது சரி. மாதாமாதம் வாடகைக்கென்று கையில் காசு தரும் பொதுவான திட்டம் இங்கே கிடையாது. அனர்த்தத்தில் வீடு இழந்தவர்களுக்குக் கொடுப்பார்கள், 2017இல் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்தபோது கொடுத்தது போல. வீட்டுக்காரர் விலையை ஏற்றுவது அனர்த்தக் கணக்கில் வராது. இல்லாததை இல்லை என்று ஐந்து நிமிடத்தில் சொன்னதால் ஏழு. பல இடங்களில் இதைச் சொல்ல அரை நாள் எடுப்பார்கள்.

அஸ்வெசும கேட்டுப் பார்க்கலாமே என்று அக்கா சொன்னார். வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் உதவிப் பணம் அது, 2023இல் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக வந்தது, கடும் வறுமை என்று தெரிவான குடும்பத்துக்கு முதலில் மாதம் 15,000, 2025 ஜனவரியிலிருந்து 17,500. எங்கள் வீட்டில் என்னுடைய சம்பளம், கணவருடைய சம்பளம் என்று இரண்டு சம்பளம், கணக்கில் நாங்கள் ஏழைகள் இல்லை. வாடகை, ஸ்கூல் வான், மருந்து போன பிறகு மாதம் 20ஆம் திகதி எப்படி இருப்போம் என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை. இதற்கு மதிப்பெண் போட எனக்கு உரிமையில்லை, அது எனக்கானதல்ல. ஆனால் தகுதி உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: தண்ணீர்க் கட்டணத்தில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும், தோட்டம் என்று சொல்லும் நகர வரிசைக் குடியிருப்புகளுக்கும் குறைந்த விலையில் தனி வகை உண்டு. உங்கள் பில் எந்த வகையில் வருகிறது என்று ஒருமுறை பாருங்கள், சந்தேகம் என்றால் 1939க்கு அடித்துக் கேளுங்கள்.

அரசாங்கத் தொடர்மாடி பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள், தெமட்டகொடையில் அவ்வளவு உயரமாக நிற்கிறதே, ஒன்று எடுக்க முடியாதா என்று. நகர அபிவிருத்தி அதிகார சபையின் அந்த வீடுகள் வாடகைக்கு வரிசையில் நிற்பவர்களுக்கானவை அல்ல, பெரும்பாலும் தோட்டங்களிலிருந்தும் கால்வாய்க் கரைகளிலிருந்தும் எழுப்பப்பட்ட குடும்பங்களுக்கு மாற்று வீடாகக் கொடுத்தவை. அதில் ஒன்றை யாராவது குறைந்த வாடகைக்குத் தருகிறேன் என்றால் அவசரப்பட வேண்டாம், வீட்டின் உறுதிப் பத்திரம் இன்னும் அவர் பேரில் இல்லாமல் இருக்கலாம். 1979இல் தொடங்கிய தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் கடன்களும் பெரும்பாலும் காணி வைத்திருந்து வீடு கட்டுபவருக்கு அல்லது இருக்கும் வீட்டைத் திருத்துபவருக்கு. கொழும்பில் காணி வைத்திருப்பவர் என்னோடு ஏன் அலையப் போகிறார். இதைத் தாண்டிப் போவோம்.

என்னைத் தூக்கி நிறுத்திய இடம் புதுக்கடை. மேல் நீதிமன்றக் கட்டடத் தொகுதியில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது, ஆலோசனைக்குக் காசு இல்லை. நான் போனது எங்கள் அனெக்ஸுக்கென்று புரோக்கர் எழுதித் தந்த ஒரு வருட 'அக்ரிமென்டோடு', முத்திரை ஒட்டி இரண்டு சாட்சி வைத்து, பார்க்க வடிவான கடதாசி. அங்கிருந்த பெண் சட்டத்தரணி அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, இதை எந்த நொத்தாரிசு முன்னால் எழுதியது என்று கேட்டார். யாருமில்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்த வேண்டும், இது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது என்றார். 1840! என் பூட்டனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயத்தை நான் இப்போது கேட்கிறேன். ஆகவே சட்டத்தின் கண்ணில் நான் ஒரு வருடக் குத்தகைக்காரி அல்ல, மாத வாடகைக்கு இருப்பவள்.

கேட்டதும் பயம் வந்தது. ஆனால் அவர் அடுத்துச் சொன்னதுதான் எனக்குப் பெறுமதி. மாத வாடகைக்காரியானாலும் வீட்டுக்காரர் முறையான அறிவித்தல் தர வேண்டும், அதன் பிறகும் எழும்பாவிட்டால் வீட்டுக்காரர் நீதிமன்றம் போய்த்தான் எழுப்பலாம், பூட்டை மாற்றிச் சாமானை வெளியே போட முடியாது. வாடகையைக் கையில் கொடுக்காமல் வங்கியில் போடுங்கள், சிலிப்பை வைத்திருங்கள் என்றார். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் விலையைக் கட்டுப்படுத்தாதா என்று நான் யாரோ சொன்னதை வைத்துக் கேட்டேன். அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறது, ஆனால் 1980, 2002 திருத்தங்களுக்குப் பிறகு எங்களுடையது போன்ற புதிய வாடகை வீடுகளில் பெரும்பாலானவை அதற்கு வெளியே, பழைய வாடகைக்காரர்களுக்குத்தான் அது கைகொடுக்கும் என்றார். ஒரு மணித்தியாலம் வாங்கில் காத்திருந்தேன், இருபது நிமிடம் பேசினார். ஒன்பது. புதுக்கடையில் த்ரீவீல் பிடிக்கப் பட்ட பாட்டுக்காக ஒன்றைக் குறைத்தேன், அது அவர்கள் பிழை இல்லை, தெரியும்.

கரண்ட் பில்லைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அனெக்ஸில் இருப்பவர்களில் பாதிப் பேர் இதில் ஏமாறுகிறோம், நானும் நாலு வருடம் ஏமாந்தேன். வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு விலைப் பட்டியல், அதைத் தாண்டியதும் முதல் யூனிட்டிலிருந்தே வேறு பட்டியல், பிறகு 90, 120, 180 என்று தாண்டத் தாண்டச் சேரும் யூனிட்டின் விலையும் ஏறும், நிலையான கட்டணமும் ஏறும். எங்கள் பாவனை மாதம் 80 யூனிட் அளவில், அன்ரி வீட்டில் 110. தனித்தனி மீட்டர் என்றால் நாங்கள் 90க்குள், அவர்கள் 120க்குள் நிற்போம். எங்களிடம் இருந்ததோ அன்ரியின் மீட்டரிலிருந்து இழுத்த ஒரு சப் மீட்டர். மின்சார சபையின் கணக்கில் எல்லாம் ஒரே வீடு, 190 யூனிட், உச்சப் படி. அந்த மொத்த பில்லை யூனிட் கணக்கில் அன்ரி பிரித்தார், பிரித்ததில் ஒரு ரூபாய்கூடக் களவு இல்லை. ஆனாலும் நான் தனி மீட்டரில் கட்டியிருக்க வேண்டியதைப் போல் இரண்டு மடங்குக்குக் கிட்டக் கட்டினேன். வாடகையில் 2,000 குறைக்கச் சொல்லிப் பேரம் பேசிய எனக்கு இது உறைக்கவே இல்லை! இனி வீடு பார்க்கப் போனால் குசினியைப் பார்க்க முன்னம் மீட்டரைப் பாருங்கள்.

பில் நிலுவையில் விழுந்தவர்களுக்கு: சிவப்பு அறிவித்தல் வரும் வரை ஒளிந்திருக்காமல் பில்லை எடுத்துக்கொண்டு பிரதேசக் காரியாலயத்துக்கு நேரே போய்த் தவணை கேளுங்கள். அம்மா வீட்டு பில்லுக்கு நான் கேட்டேன், மூன்று தவணை தந்தார்கள். எட்டு.

இனி ஜி.எஸ். எங்கள் பிரிவின் கிராம உத்தியோகத்தர் செவ்வாயும் வியாழனும் கந்தோரில் இருப்பார். நான் போனது வதிவிடச் சான்றிதழுக்கு, அது வேண்டியிருந்தது மகனின் முதலாம் வகுப்புக்கு. கொழும்பில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முயன்றவர்களுக்குத் தெரியும், வாக்காளர் இடாப்பில் ஐந்து வருடம் பேர் இருக்கிறதா, வாடகை என்றால் பதிந்த குத்தகை உறுதி இருக்கிறதா என்று புள்ளி போடுவார்கள். வாடகைக்காரரின் பேரை இடாப்பில் போட்டால் வீடு போய்விடும் என்று நிறைய வீட்டுக்காரர்களுக்குப் பயம். எங்கள் அன்ரிக்கும் இருந்தது. இடாப்பில் பேர் இருப்பது குடியிருப்பதற்குத்தான், அதனால் வீடு யாருக்கும் சொந்தமாகாது என்று ஜி.எஸ். முந்தைய வருடங்களில் அன்ரிக்கு நேரில் விளங்கப்படுத்தித்தான் எங்கள் பேரைப் போட வைத்தார். பத்து சொல் தமிழும் மீதி சிங்களமுமாகக் கதைப்பார், எனக்கு அது போதும். கொழும்பு, திம்பிரிகஸ்யாய இரண்டுமே இருமொழிப் பிரதேச செயலகப் பிரிவுகள், தமிழில் படிவம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, வெட்கப்பட வேண்டாம்.

என் கதையைக் கேட்டுவிட்டு அவர், வேறு பிரிவுக்குப் போக வேண்டாம் நங்கி, இடாப்பு வருடங்கள் குழம்பிவிடும் என்றார். பிறகு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு பழைய மேல்மாடி பூட்டிக் கிடக்கிறது, சொந்தக்காரர் கனடாவில், அக்காக்காரி கீழே இருக்கிறார், போய்க் கேட்டுப் பாருங்கள் என்றார். புரோக்கர் மூன்று மாதமாகக் கண்டுபிடிக்காத வீடு. கூலி ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தேன், அதையும் யோசித்துத்தான் வாங்கினார். பத்து, யோசிக்காமல் பத்து.

வாடகை 42,000. குளியலறைக் கதவு மழைக்கு வீங்கும், படி செங்குத்து, ஆனால் தனி மீட்டர். ஆறு மாத முற்பணம் 252,000. அதற்கு எந்தக் கந்தோரும் உதவாது, என் வளையல்கள் வங்கியில் அடகு போயின, மீதிக்கு ஒஃபிஸ் சீட்டைக் கேட்டு முன்னுக்கு எடுத்தேன். சீட்டுப் பிடிக்கும் அக்காவுக்கும் ஒரு பத்து. குத்தகையை இந்த முறை நொத்தாரிசிடம் எழுதிப் பதிந்தோம். செலவுதான், ஆனால் பிள்ளைக்கு வேண்டிய கடதாசி.

பழைய முற்பணம் 228,000, பெயின்ட், மாபிள் வெடிப்பு என்று அன்ரி திருப்பித் தர இழுத்தடித்தார். மத்தியஸ்த சபைக்குப் போனேன், 1988ஆம் ஆண்டின் சட்டத்தில் வந்த சபை. எங்களுடையது சனிக்கிழமை கூடியது, லீவு போட வேண்டியிருக்கவில்லை. மூன்று மத்தியஸ்தர்கள், வக்கீல் இல்லை, இரண்டு பேரையும் எதிரெதிரே இருத்திக் கதைக்க விட்டார்கள். முதல் நாள் அன்ரி வரவில்லை. இரண்டாம் முறை வந்தார், அழுதார், நானும் அழுதேன், கடைசியில் பெயின்டுக்கு 30,000 கழித்து மீதி 198,000ஐ மூன்று தவணையில் தர ஒப்புக்கொண்டார். இரண்டு தவணை வந்துவிட்டது. இப்போதைக்கு எட்டு, மூன்றாவது வந்ததும் ஒன்பதாக்குகிறேன்.

போன கிழமை புரோக்கர் வாட்ஸ்அப்பில் ஒரு வீட்டின் படம் அனுப்பியிருந்தார். 'தங்கச்சி, அருமையான அனெக்ஸ், 60,000, தனி மீட்டர்.' படத்தில் இருந்தது எங்கள் பழைய அனெக்ஸ், மகன் கிரேயோனால் கிறுக்கிய சுவருக்குப் புதுப் பெயின்ட். எந்த மீட்டர் அண்ணே என்று கேட்டு அனுப்பினேன். நீலச் சரி விழுந்திருக்கிறது, பதில் இல்லை.