குறுவாதப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட், முதுநிலைப் படிப்புகளுக்கான ஜிஆர்இ, சட்டப் படிப்புக்கான எல்சாட் போன்ற நுழைவுத் தேர்வுகளுக்குத் தயாராகும் எல்லோருக்கும் இந்த எச்சரிக்கை. ஒரு பத்தி அளவே உள்ள வாதத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லித்தருவதாக விளம்பரம் செய்த ஓர் இணையப் பயிற்சி நிறுவனம், முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே என்னிடம் வாங்கிக்கொண்டது. கிடைத்தவை வழக்கொழிந்த பாடமும் தவறான விடைகளும்தான். பணம் இன்னும் திரும்பி வரவில்லை.

பாடத்தின் பெரும்பகுதி, கொடுக்கப்பட்ட வாதத்தின் குறைகளைக் கட்டுரையாக எழுதும் பயிற்சி. ஜிஆர்இ தேர்வில் இதற்கென 30 நிமிடப் பகுதி ஒன்று முன்பு இருந்தது. 2023 செப்டம்பர் 22 முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. இப்போது இருப்பது ஒரு பொதுக் கருத்தைப் பற்றி எழுதும் ஒரே ஒரு கட்டுரைதான். அதே ஆண்டின் இறுதியில் வந்த ஜிமேட் புதிய வடிவத்தில் கட்டுரையே கிடையாது. நான் சேர்ந்தது இவ்வளவுக்கும் பிறகு. ஆனாலும் பழைய காணொளிகளையே அட்டையை மாற்றி, 'புதிய பாடத்திட்டம்' என்று விற்றிருக்கிறார்கள். இல்லாத பகுதியை ஏன் நடத்துகிறீர்கள் என்று எழுதிக் கேட்டேன். "எழுத்துத் திறன் வளரும்" என்று ஒரு வரியில் பதில் வந்தது.

வாதங்களை அலசும் திறனுக்கு மதிப்புக் குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. ஜிமேட்டின் மொழிப் பகுதியில் 45 நிமிடத்தில் 23 கேள்விகள். இலக்கணத் திருத்தக் கேள்விகள் போய்விட்டதால் வாசிப்பும், சிறு வாதங்களை அலசும் கிரிட்டிக்கல் ரீசனிங்கும் மட்டுமே மிச்சம். எல்சாட்டில் 2024 ஆகஸ்ட் முதல் 'லாஜிக் கேம்ஸ்' எனப்பட்ட தர்க்கப் புதிர்ப் பகுதி நீங்கி, மதிப்பெண்ணுக்குரிய மூன்று பகுதிகளில் இரண்டு வாத அலசலுக்கே போய்விட்டன. ஜிஆர்இயின் வாசிப்புப் பகுதியிலும் இத்தகைய சிறு வாதங்கள் வருகின்றன. தேவை கூடியிருக்கிறது. அந்தத் தேவையை வைத்துத்தான் இவர்கள் வியாபாரம் செய்கிறார்கள்.

கற்பித்த முறை இதைவிட மோசம். பிழைகளின் பெயர்ப் பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். கூடவே சில குறுக்குவழிகள்: 'எல்லா', 'முழுவதும்', 'ஒருபோதும்' போன்ற அழுத்தமான சொல் உள்ள விடையைத் தவறு என்று கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிட வேண்டும், வாதத்தில் வந்த சொல்லே திரும்ப வரும் விடைக்கு முன்னுரிமை தர வேண்டும். இந்தக் குறுக்குவழி எப்படிக் காலை வாருகிறது என்பதை, அவர்கள் கொடுத்த கேள்வியை ஒத்த ஒன்றை நானே எழுதிக் காட்டுகிறேன்.

ஒரு நூலகம் மாலை 6 மணிக்கு மூடுவதை மாற்றி, இரவு 10 மணி வரை திறந்திருக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு இரவல் போன புத்தகங்களின் எண்ணிக்கை 20 சதவீதம் உயர்ந்தது. ஆகவே, நேர நீட்டிப்பே இந்த உயர்வுக்குக் காரணம். பின்வருவனவற்றுள் எது உண்மையானால் இந்த வாதத்தை மிகவும் பலவீனப்படுத்தும்? முதல் தெரிவு: நீட்டித்த நேரத்துக்காக நூலகம் கூடுதல் பணியாளர்களை அமர்த்த வேண்டியிருந்தது. இரண்டாவது: உயர்வு முழுவதும் மாலை 6 மணிக்கு முந்தைய நேரத்தில் பதிவானது.

இதே அமைப்பில் இருந்த கேள்விக்கு அவர்கள் தந்த விடை, முதல் தெரிவின் சாயலில் இருந்தது. நேர நீட்டிப்பு என்ற சொல் திரும்ப வருகிறதாம். 'முழுவதும்' என்று வருவதால் இரண்டாவது தவறாம். வாதத்தின் முடிவு என்ன? உயர்வுக்கு நேர நீட்டிப்பு காரணம் என்பது. கூடுதல் ஆள் அமர்த்தியதும் செலவானதும் அந்த முடிவைத் தொடவே இல்லை. நீட்டிப்பு நல்ல யோசனையா என்று கேட்டிருந்தால் அது பொருந்தும், கேட்டது அதுவல்ல. உயர்வெல்லாம் பழைய நேரத்திலேயே நடந்திருந்தால், இரவில் திறந்துவைத்ததால்தான் அது நடந்தது என்று சொல்வதற்குப் பிடிமானம் பெரிதும் போய்விடுகிறது. 'முழுவதும்' என்ற சொல்தான் அந்த விடைக்குப் பலம். 'ஒரு பகுதி' என்று இருந்தால் அடி இவ்வளவு பலமாக விழாது.

அழுத்தமான சொல்லைச் சந்தேகிக்க வேண்டிய இடம் வேறு. பத்தியிலிருந்து எது உறுதியாகப் பெறப்படும் என்று கேட்கும் கேள்வியில், கொடுத்த தகவலைத் தாண்டிப் பேசும் விடை பெரும்பாலும் நிற்காது. பலவீனப்படுத்தும் கேள்வியில் விடைத் தெரிவை உண்மை என்றே வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறார்கள். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி ஒரே விதியாகக் கற்பிப்பவருக்குப் பாடமே தெரியவில்லை என்றுதான் சொல்வேன். 'உண்மையானால்' என்று கேள்வியிலேயே இருக்கும்போது, ஒரு சரியான விடையை "நடைமுறையில் இப்படி நடக்காது" என்று சொல்லி அந்தப் பயிற்றுநர் தள்ளினார். எனக்கு அதிகக் கோபம் வந்தது அங்கேதான். கேள்வியைப் படிக்காமல் விடை சொல்லும் பழக்கத்தைப் பணம் வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுக்கிறார்கள். முதன்முறையாக இந்தப் பாடத்தைத் தொடும் மாணவர் அதை அப்படியே நம்பிவிடுவார்.

இன்னொன்று ஆபத்தானது. 'நேரடித் தேர்வில் வந்த கேள்விகள்' என்று ஒரு கோப்பை அனுப்பினார்கள். நான் திறக்கவில்லை, நீங்களும் திறக்காதீர்கள். 2008இல் ஸ்கோர்டாப் என்ற இணையதளம் ஜிமேட்டின் நடப்புக் கேள்விகளை வெளியிட்டதற்காக, தேர்வை நடத்தும் அமைப்பு நீதிமன்றம் வரை சென்று அந்தத் தளத்தை முடக்கியது. அதைப் பயன்படுத்திய தேர்வர்கள் பலரின் மதிப்பெண்களும் ரத்தாயின. கோப்பை விற்றவர் வேறு பெயரில் கடையைத் திறந்துவிடுவார். மதிப்பெண்ணை இழப்பது நீங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் நிபந்தனைகள் வெளியே வந்தன. முதல் காணொளியைத் திறந்துவிட்டால் பணம் திரும்பாது. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருந்த 'மதிப்பெண் உத்தரவாதம்' என்பதற்குப் பொருள், எல்லாப் பயிற்சிகளையும் அவர்களுடைய மாதிரித் தேர்வுகளையும் முடித்திருந்தால் அதே பாடத்தை இன்னொரு முறை பார்க்கலாம் என்பது மட்டுமே. தவறான விடைகளைப் பக்க எண்ணோடு மாணவர் குழுவில் எழுதினேன். பதிவை நீக்கிவிட்டு என்னையும் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

எந்த வகுப்பானாலும் சேரும் முன் அவர்களிடம் ஒரு கேள்வியைக் கொடுத்து, சரியான விடை எது என்பதோடு நிறுத்தாமல் மற்ற நான்கும் ஏன் தவறு என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். ஆதாரம் எது, முடிவு எது, இரண்டுக்கும் நடுவில் சொல்லாமல் விட்ட எடுகோள் எது என்று பிரித்துப் பேசுபவருக்குப் பாடம் தெரியும். "இந்தச் சொல் இருக்கிறது, எனவே தவறு" என்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். கேள்வியை அதிகாரபூர்வ மாதிரித் தேர்விலிருந்தே எடுங்கள். சரியான விடை அங்கேயே இருப்பதால் யாரும் உங்களை ஏய்க்க முடியாது. ஜிஆர்இக்கு பவர்பிரெப், எல்சாட்டுக்கு லாஹப், ஜிமேட்டுக்கு அதன் அதிகாரபூர்வத் தளம் என மூன்று இடங்களிலும் முழு மாதிரித் தேர்வுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தேர்வின் இப்போதைய வடிவமும் அங்கேயே தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. விளம்பரத்தோடு ஒப்பிட ஐந்து நிமிடம் போதும். அந்தத் தேர்வுகளைச் செய்து பார்த்த பிறகும் வகுப்பு தேவை என்று தோன்றினால், கட்டணத்தைத் தவணையில் ஏற்பார்களா என்று கேளுங்கள். மறுக்கிறவர்கள் ஏன் மறுக்கிறார்கள் என்று எனக்கு இப்போது தெரியும்.

ஏற்கெனவே இப்படி மாட்டிக்கொண்டவர்கள், விளம்பரப் பக்கம், ரசீது, நிபந்தனைகள், அவர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் தேதி தெரியும்படி உடனே நகல் எடுத்துவையுங்கள். நான் புகார் எழுதிய பிறகு அவர்களுடைய பக்கத்திலிருந்து 'உத்தரவாதம்' என்ற சொல்லே காணாமல் போய்விட்டது. கட்டண அட்டை வழங்கிய வங்கியிடம் நான் கொடுத்திருக்கும் முறையீட்டுக்கு, முன்பே எடுத்துவைத்த நகல்தான் இப்போது ஆதாரமாக நிற்கிறது. முறையீடு இன்னும் விசாரணையில் இருக்கிறது.