ஃப்ளைபாரா, ஃப்ளைபார்லெஸ்ஸா? சென்னை வெயிலில் சில வருட அனுபவம்

என் 450 சைஸ் ஆர்சி ஹெலியை (ரிமோட்டில் பறக்கும் மாடல் ஹெலிகாப்டர்) முதலில் ஃப்ளைபாரோடும் (ரோட்டாரோடு சுழன்று அதை நிலைப்படுத்தும் குறுக்குக் கம்பி), அப்புறம் அதே உடம்பில் அந்தக் கம்பி இல்லாத ஃப்ளைபார்லெஸ் ஹெட் (பிளேடுகளைப் பிடிக்கும் மேல்பகுதி) போட்டும் கேளம்பாக்கம் பக்கம் சில வருடங்களாகப் பறக்கவிடுகிறேன். புதிதாக வாங்குபவர் கேட்டால் சொல்வது இதுதான்: ஃப்ளைபார்லெஸ், இரண்டே பிளேடு, 325 மி.மீ. நீள கார்பன் பிளேடு.

ஃப்ளைபாரைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆர்தர் யங் வடிவமைத்த அந்தக் கம்பியோடுதான் பெல் 47, 1946-ல் அமெரிக்காவில் சிவில் சான்றிதழ் பெற்ற முதல் ஹெலிகாப்டர் ஆனது. ஆனால் மாடல்களில் கம்பியின் இரு முனையிலும் இருக்கும் துடுப்புகளையும் மோட்டார்தான் காற்றில் இழுத்தாக வேண்டும். 40 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதைவிட சுமார் 8 சதவீதம் குறைவு. பிட்ச் (பிளேடின் சாய்வு) கூட்டினால்தான் ஹெலி காற்றில் நிற்கும். ஃப்ளைபாரைக் கழற்றிய வித்தியாசம் மே மாதத்தில்தான் நன்றாகத் தெரிந்தது. இறக்கியதும் மோட்டாரில் விரல் வைக்க முடிந்தது!

மதியம் கடல்காற்று ஏறிய பிறகு எதிர்க்காற்றில் மூக்கைத் தூக்கும் பழக்கமும் போய்விட்டது, அசைவை உணர்ந்து திருத்தும் கைரோ பார்த்துக்கொள்கிறது. செலவு, பிளேடின் சாய்வை மாற்றும் குட்டி மோட்டாரான சர்வோவில். துடுப்பு சுமந்த பாரம் முழுக்க இப்போது அதன் தலையில், மலிவு சர்வோ தாங்காது.

மூன்று பிளேடு பார்க்க அழகு, சத்தமும் மென்மை. டிராக்கிங்தான், அதாவது எல்லா பிளேடும் ஒரே தளத்தில் சுழலச் செய்வதுதான், பாடு. இரண்டு பிளேடு என்றால் ஒரு நுனியில் சிவப்பு டேப் ஒட்டி, நன்றாகத் தள்ளி நின்று பக்கவாட்டில் பார்ப்பேன். சிவப்புக் கோடு மேலே தெரிந்தால் அந்த பிளேடின் சாய்வை மாற்றும் லிங்கை (குட்டிக் கம்பி) அரைச் சுற்று திருப்பினால் சரி. மூன்றில் மாலைப் பொழுதே போய்விடும்.

ஆள் ஏறும் மஸ்கிட்டோ என்ற அல்ட்ராலைட் (மிக இலேசான) ஹெலிகாப்டரிலும் இரண்டே பிளேடுதான். அமெரிக்க விதிப்படி வெற்று எடை 254 பவுண்டுக்குள், அதாவது சுமார் 115 கிலோவுக்குள் அடங்க வேண்டுமே! ஆனால் அது சீசா மாதிரி ஆடும் ஹெட். மூக்கைச் சட்டென அழுத்தி எடையற்ற நிலைக்குப் போனால் ரோட்டாரால் உடம்பைத் திருப்ப முடியாது, ஹப் (பிளேடுகள் சேரும் நடுப்பகுதி) மாஸ்ட்டில் (ரோட்டாரைத் தாங்கும் தண்டு) இடிக்கலாம். நம் மாடலில் ரப்பர் டேம்பர் (ஆட்டத்தை அடக்கும் வளையம்) பிடித்த விறைப்பான ஹெட் என்பதால்தான் தலைகீழாகவும் பறக்கிறது. அந்த ரப்பர் வெயிலில் இளகும். ஹெலி தலையாட்ட ஆரம்பித்தால் முதலில் அதை மாற்றுங்கள். பிளேடைப் பிடிக்கும் கிரிப்புக்குள், அதன் வெளியிழுப்பைத் தாங்கும் திரஸ்ட் பேரிங்கையும் உப்புக்காற்று விடாது. கிரீஸ் பழுப்பாக வந்தால் துடைத்துப் போட்டு ஓட்டாதீர்கள், புதிதே போடுங்கள்.