எஸ்எஸ்டி மாத்தக் குடுத்துட்டு டீ குடிக்கப் போயிராதீங்க (சேலம் ஆளுங்களுக்கு)

நான் இருக்கறது ஏற்காட்டுல, ஒரு சின்ன ஹோம்ஸ்டேக்கு புக்கிங், பில்லு, கணக்கு எல்லாம் பாத்துக்கறேன். லேப்டாப் ஆறு வருஷப் பழசு, ஆன் பண்ணிட்டுப் போய் குளிச்சுட்டு வந்தாக்கூட இன்னும் சுத்திட்டேதான் இருக்கும். ஹார்டு டிஸ்க்க எடுத்துட்டு எஸ்எஸ்டி (அதவிட வேகமா ஓடற டிஸ்க்கு) போட்டா பறக்கும்னு எல்லாரும் சொன்னாங்க, அது நெசந்தான், அதுல குத்தமே இல்ல.

போன மாசம் 20 கொண்டை ஊசி வளைவும் எறங்கி சேலம் போனேன். ஐந்து ரோடு பக்கம் ஒரு கடை (பேரு சொல்லல). 512 ஜிபி, நல்ல கம்பெனி, 3,400 ரூவா, சீல் பிரிக்காத பாக்ஸ் கையில குடுத்தாங்க, நானும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு சரின்னேன். கடைப் பையன் லேப்டாப்பையும் பாக்ஸையும் சேத்து எடுத்துட்டு "உள்ள டேபிள்ல வெச்சு மாட்டணும்ணா, முக்கா மணி நேரம் ஆகும், ஒரு டீ சாப்ட்டு வந்துருங்க"ன்னான். நானும் போய் எதுத்தாப்புல தள்ளுவண்டியில நின்னு தட்டுவடை செட் ரெண்டு பிளேட் சாப்ட்டேன். என் வாழ்க்கையிலயே அதிக வெலைக்கு சாப்ட்ட தட்டுவடை செட் அதுதான்.

திரும்பி வந்தா விண்டோஸ் போட்டு ரெடியா இருக்கு, பதினஞ்சு செகண்ட்ல ஓப்பன் ஆவுது. 476 ஜிபின்னு காட்டுச்சு, அது ஏமாத்து இல்ல, 512ன்னு வாங்குனா விண்டோஸ் எண்ணுற கணக்குல அவ்வளவுதான் காட்டும். நான் பாத்துருக்க வேண்டியது வேற.

ஒம்போதாவது நாளு, சனிக்கிழமை, கெஸ்ட் நின்னுட்டு இருக்காங்க, பில்லு போடறப்ப அப்படியே உறைஞ்சு நின்னுருச்சு. ரீஸ்டார்ட் பண்ணா டிஸ்க்கே இல்லைங்குது, மறுபடி பண்ணா வருது. அக்கா பையன் இன்ஜினியரிங் படிக்கறான், அவனுக்குப் போன் போட்டேன். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு டிஸ்க்கு எப்படி இருக்குன்னு காட்டற ஒரு சாஃப்ட்வேர், ஃப்ரீதான், அத எறக்கச் சொன்னான்.

"மாமா, பவர் ஆன் ஹவர்ஸ்னு இருக்கும் பாருங்க, டிஸ்க்கு மொத்தம் எத்தன மணி நேரம் ஓடிருக்குன்னு, எவ்வளவு?"

"14,212டா."

ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் "நீங்க வாங்கி ஒம்போது நாள் தான மாமா ஆச்சு"ங்கறான். கணக்குப் போட்டுப் பாத்தா 592 நாள், ராத்திரி பகல் நிறுத்தாம ஓடுன கணக்கு. ஹெல்த் 68 பர்சன்ட். யாரோ ஆபீஸ்ல ஓட்டித் தள்ளுனது போல.

அதே ஸ்க்ரீன்ல மேல சீரியல் நம்பர் இருக்கும். பாக்ஸ நல்லவேளை தூக்கிப் போடல, பீரோ மேல கெடந்துச்சு. எடுத்துப் பாத்தா பாக்ஸ்ல ஒரு நம்பரு, உள்ள இருக்கறது வேற நம்பரு. அப்பத்தான் வெளங்குச்சு, காட்டுனது புதுசு, மாட்டுனது பழசு. லேப்டாப் பின்னாடி மூடியக் கழட்டுனா எஸ்எஸ்டியோட ஸ்க்ரூ ஓட்டையச் சுத்தி பெயின்ட் தேஞ்சு வெள்ளையா இருக்கு, ஒரு தடவை மாட்டுனதுக்கு அப்படித் தேயாது.

மறுபடி கீழ எறங்குனேன். கடைக்காரர் மொதல்ல "சாஃப்ட்வேர் தப்பாக் காட்டும் சார்", அப்புறம் "பாக்ஸ் மாறிப் போயிருக்கும் சார்", கடைசில என் கையில இருந்த சீட்டக் காட்டி "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"ன்னு சீல் அடிச்சிருக்கு பாருங்கன்னாரு. அந்தச் சீட்டுல எஸ்டிமேட்னு அச்சடிச்சிருக்கு, ஜிஎஸ்டி நம்பரும் இல்ல, அதாவது அது பில்லே இல்ல, வாங்குனப்ப நான் படிச்சாத்தானே. 2019 நுகர்வோர் சட்டத்துல, பில்லு குடுக்காம இருக்கறது, கோளாறான பொருள பில்லுல போட்ட நாளுக்குள்ள, நாளே போடலன்னா 30 நாளுக்குள்ள, திருப்பி எடுத்துக்க மாட்டேங்கறது, ரெண்டுமே முறையற்ற வணிகம்னு எழுதியே இருக்கு. நான் 1915க்கு (நுகர்வோர் உதவி எண்) போன் போடறேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கேஸ் போட ஃபீஸே இல்லைன்னு சொன்னதும் அவரு கொரல் எறங்குச்சு. அரை மணி நேரம் இழுத்து 3,000 குடுத்தாரு. கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வாங்கிட்டு வந்துட்டேன், 400 ரூவாய விட்டது இன்னும் உறுத்துது.

ஆனா பணத்த விட பெரிய தலைவலி ஒண்ணு இருக்கு. என் பழைய ஹார்டு டிஸ்க்க மாட்டுன அன்னைக்கே கேட்டு வாங்கல. அதுல அம்மாவோட ஆதார், பென்ஷன் புக்கு, நெலப் பத்திரம் எல்லாம் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கேன், இத்தன வருஷம் தங்குன கெஸ்ட்டுங்க ஐடி காப்பி வேற. சும்மா ஃபார்மட் அடிச்சாலும் ரெக்கவரி சாஃப்ட்வேர் வெச்சு எடுத்துருவாங்க. கேட்டா "குடோன்ல இருக்கும், தேடி வெக்கறேன்"ங்கறாரு. ரெண்டு வாரம் ஆச்சு, இப்ப போனே எடுக்கறதில்ல. திங்கக்கிழமை அக்கா பையனக் கூட்டிட்டு மறுபடி எறங்கறேன், கெடைக்கலன்னா நேரா சைபர் கிரைம்தான்.