வெனிஸ் பயணம்: தீவிலேயே தங்கலாமா, மெஸ்ட்ரேயா, பதுவாவா?

வெனிஸ் போக நினைப்பவர்கள் விமான டிக்கெட்டைச் சீக்கிரமே எடுத்துவிடுகிறார்கள். எங்கே தங்குவது என்பதில்தான் நாட்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பழைய நகரம் இருக்கிற தீவுக்குள் ஒரு சின்ன அறைக்குக் கேட்கிற பணத்தில், எதிர்க்கரையில் இருக்கும் மெஸ்ட்ரேயில் குடும்பமே தங்க இடம் கிடைத்துவிடும். ரயிலில் பத்து நிமிடம்தானே, எதற்கு வீண் செலவு என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். என் கட்சி எது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: முடிந்தவரை தீவு, குறைந்தது இரண்டு இரவு. ஆனால் மெஸ்ட்ரேதான் சரி என்று சொல்லக்கூடிய குடும்பங்களும் உண்டு. ரயிலில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் பதுவா நகரத்துக்கும் தனி நியாயம் இருக்கிறது.

முதலில் ஊரின் அமைப்பு புரிய வேண்டும். வெனிஸ் நகராட்சி என்பது தண்ணீருக்கு நடுவே இருக்கிற பழைய நகரம் மட்டும் இல்லை. கரையில் இருக்கும் மெஸ்ட்ரேயும் மார்கெராவும் அதில் சேர்த்தி. பழைய நகரத்தில் குடியிருப்பவர்கள் இன்று 50,000 பேருக்கும் குறைவு. கரைப் பகுதியில் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறார்கள். இரண்டையும் இணைக்கும் ரயில் பாலம் 1846லும், அதை ஒட்டிய சாலைப் பாலம் 1933லும் திறக்கப்பட்டன. ரயில் சாந்தா லூச்சியா நிலையத்தோடு நின்றுவிடும். பஸ், டிராம், கார் எல்லாம் பியாட்சாலே ரோமாவோடு சரி. அதற்கு மேல் நடை, இல்லையென்றால் படகு. டிக்கெட் எடுக்கும்போது ஒரு கவனம் தேவை: 'வெனேசியா மெஸ்ட்ரே', 'வெனேசியா சாந்தா லூச்சியா' என்று இரண்டு நிலையங்கள் உண்டு. சில ரயில்கள் மெஸ்ட்ரேயோடு போய்விடும், தீவுக்குள் வராது.

இனி தீவின் பக்கம். காலை பத்து மணி வாக்கில் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கும் கூட்டம் மாலை ஆறு மணி வரை ரியால்தோ பாலத்துக்கும் சான் மார்கோ சதுக்கத்துக்கும் இடையே நெரித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மட்டும் வெனிஸைப் பார்த்தவர்கள்தான் 'ஒரே கூட்டம், ஒன்றும் இல்லை' என்று சொல்லித் திரும்புகிறார்கள். காலை ஏழு மணிக்கு அதே சதுக்கத்தில் குப்பை வண்டியைத் தள்ளுபவர்களும் வேலைக்குப் போகிறவர்களும்தான் இருப்பார்கள். ரியால்தோ சந்தைக்குக் காய்கறிப் படகுகள் வந்து சேரும் நேரமும் அதுதான். (மீன் சந்தைக்கு ஞாயிறும் திங்களும் விடுமுறை.) மெஸ்ட்ரேயில் தங்கிக்கொண்டும் ஏழு மணிக்கு வந்துவிடலாமே என்று கேட்கலாம். வரலாம்தான். ஆனால் விடுமுறையில் குழந்தைகளைக் கிளப்பிக்கொண்டு ஆறு மணிக்கு ரயில் பிடிக்கிற குடும்பம் எத்தனை?

அதைவிட முக்கியம் மதியம். ஜூலை, ஆகஸ்டில் வெனிஸின் புழுக்கம் நம் கடற்கரை ஊர்களுக்குச் சளைத்ததில்லை. நாலு மணி நேரம் பாலங்கள் ஏறி இறங்கினால் யாருக்கும் கால் கெஞ்சும். தீவில் அறை இருந்தால் ஒரு மணிக்குத் திரும்பி, குளித்து, படுத்து எழுந்து, கூட்டம் வடியும் நேரத்தில் மறுபடி கிளம்பலாம். மெஸ்ட்ரேயில் அறை என்றால், ரயிலில் பத்து நிமிடம்தான் என்றாலும் நிலையத்துக்கு நடப்பது, காத்திருப்பது, அந்தப் பக்கம் மறுபடி நடப்பது எல்லாம் சேர்ந்து ஒரு வழிக்கே முக்கால் மணி நேரம் ஆகிவிடும். அதனால் யாரும் திரும்புவதில்லை. மாலையில் ஊர் அழகாக ஆகத் தொடங்கும் நேரத்தில் களைத்துப்போய் ரயில் ஏறிவிடுவார்கள். நான் தீவுக்குக் கட்சி கட்டுவதற்கு முழுக் காரணமும் இதுதான்.

தீவு என்று முடிவானால் அடுத்த கேள்வி, எந்தப் பகுதி. பழைய நகரம் ஆறு பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. சான் மார்கோ பேட்டையில் தங்கவே வேண்டாம். விலை உச்சம், சாப்பாடு சுமார், நாள் முழுக்கக் கூட்டம். தோர்சொதூரோவில் அக்காதெமியா ஓவியக்கூடமும் பல்கலைக்கழகமும் இருப்பதால் மாலையில் மாணவர் கூட்டம் கலகலப்பாக இருக்கும். பியன்னாலே கலைக் கண்காட்சிக்காகப் போகிறவர்களுக்குக் கஸ்தெல்லோவின் கிழக்குக் கோடி வசதி.

நான் கை காட்டுவது கன்னரேஜோ பேட்டை. சாந்தா லூச்சியாவை விட்டு வெளியே வந்து இடது பக்கம் திரும்பினால் லிஸ்தா தி ஸ்பான்யா என்ற தெரு. அது நேராகக் குல்யே பாலம் வரை போகிறது, அதுவரை நடுவில் ஒரு பாலம்கூட இல்லை. இது சின்ன விஷயம் இல்லை. வெனிஸில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படிகள் வைத்தவை. இருபத்து மூன்று கிலோ பெட்டி இரண்டு, ஒரு தள்ளுவண்டி, முட்டி வலிக்கிற அம்மா என்று போகிறவர்களுக்கு அறை எவ்வளவு அழகு என்பதைவிட, வழியில் எத்தனை பாலம் என்பதுதான் கேள்வி. முன்பதிவு செய்யும் முன் வரைபடத்தில் நிலையத்திலிருந்தோ படகுத்துறையிலிருந்தோ பாலங்களை எண்ணிவிடுங்கள். லிஸ்தா தி ஸ்பான்யாவில் நினைவுப்பொருள் கடைகள் அதிகம், அழகான தெரு என்று சொல்ல முடியாது. ஆனால் குல்யே பாலம் தாண்டி ஐந்து நிமிடத்தில் 1516இல் உருவான யூதர் குடியிருப்பு, கெட்டோ, வந்துவிடும். அங்கிருந்து ஓர்மெசீனி, மிசெரிகோர்தியா வாய்க்கால்கரைகள். மாலையில் உள்ளூர்க்காரர்கள் பாக்கரோ எனும் சிறு மதுக்கடைகளின் வாசலில் கையில் கிளாஸோடு நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். தட்டில் சிக்கெத்தி, அதாவது ரொட்டித் துண்டின் மேல் ஏதாவது வைத்துத் தரும் சிறுதீனி. அரைத்த கருவாட்டு மீன் வைத்த 'பக்கலா' பிரசித்தம். சைவர்களுக்குப் பாலாடைக்கட்டி, கத்தரிக்காய், கூனைப்பூ (ஆர்டிசோக்) வைத்தவை கிடைக்கும். வெறும் ரொட்டி என்று நினைத்து எடுத்ததில் நெத்திலி ஒளிந்திருக்கக்கூடும், கேட்டுவிட்டு எடுங்கள்.

வெனிஸில் கதவு எண் தெருவுக்கு இல்லை, பேட்டை முழுமைக்கும் தொடர்ச்சியாக ஓடும். முகவரியில் 'கன்னரேஜோ' என்றும் நாலு இலக்க எண்ணும் மட்டும் இருந்தால் திகைக்க வேண்டாம். தெருவின் பெயரையும் பக்கத்துப் படகுத்துறையின் பெயரையும் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் போய் இறங்குகிறவர்களுக்கு இது கட்டாயம்.

குளிர்காலத்துக்கு ஒரு வார்த்தை. 2019 நவம்பரில் கடல் நீர்மட்டம் 187 சென்டிமீட்டர் வரை ஏறி ஊரை மூழ்கடித்தது. 2020 அக்டோபரிலிருந்து கடல் நீரை மறிக்கும் மோசே தடுப்புக் கதவுகள் இயங்குவதால் அந்த அளவு வெள்ளம் உள்ளே வர விடுவதில்லை. ஆனாலும் அவை பெரிய கடலேற்றத்துக்குத்தான் எழும்பும், தாழ்வான சான் மார்கோ சதுக்கம் அதற்கு முன்பே நனையும். நவம்பர், டிசம்பரில் தரைத்தள அறை எடுக்காதீர்கள். மற்றபடி அந்த மாதங்களில் தீவின் விலை நன்றாக இறங்கும். மெஸ்ட்ரேக்கும் அதற்கும் வித்தியாசம் பெரிதாக இருக்காது.

இப்போது மெஸ்ட்ரேயின் நியாயம். நாலைந்து பேர் உள்ள குடும்பம், சமையலறையோடு வீடு வேண்டும், லிஃப்ட் வேண்டும், கையில் வாடகைக் கார் இருக்கிறது என்றால் மெஸ்ட்ரேதான். தீவின் பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருப்பதே அபூர்வம். மெஸ்ட்ரே நிலையத்துக்கு எதிரே வியா பியாவே பக்கம் வங்கதேசத்தவர் நிறையப் பேர் வாழ்கிறார்கள். அரிசி, பருப்பு, பச்சை மிளகாய் அங்கே கிடைக்கும். ஒரு வாரமாக ரொட்டியும் பாஸ்தாவுமாக ஓட்டிய பெரியவர்களுக்கு ஒரு வேளை சோறு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை.

செலவுக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மெஸ்ட்ரேயிலிருந்து ரயிலோ பஸ்ஸோ ஆளுக்கு ஏறக்குறைய ஒன்றரை யூரோ. ரயிலுக்குக் காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். தீவுக்குள் வப்பரெட்டோ எனும் நீர்ப் பேருந்தில் ஒரு தடவை ஏற 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். 24 மணி நேரப் பாஸ் 25 யூரோ, 72 மணி நேரப் பாஸ் 45 யூரோ. இந்தப் பாஸ் மெஸ்ட்ரேயின் பஸ்ஸுக்கும் டிராமுக்கும் சேர்த்தே செல்லும். ரயிலுக்கும் விமான நிலையப் பஸ்ஸுக்கும் செல்லாது. ஆகவே மெஸ்ட்ரேயில் தங்கிப் பாஸ் எடுப்பவர்கள் டிராமில் பியாட்சாலே ரோமா வந்தால் தனிச் செலவே இல்லை. தீவில் தங்குபவர்களுக்கோ பாஸ் பல நாட்களில் தேவையே படாது. நிலையத்திலிருந்து சான் மார்கோ வரை மெதுவாக நடந்தாலே நாற்பது நிமிடம்தான். முரானோ, புரானோ தீவுகளுக்குப் போகும் நாளில் மட்டும் ஒரு 24 மணி நேரப் பாஸ் போதும். நாலு பேருக்கு மூன்று நாள் பாஸ் என்றால் 180 யூரோ. அதை அறைக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள், மெஸ்ட்ரே தரும் லாபத்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும்.

இன்னொன்று நுழைவுக் கட்டணம். 2024 ஏப்ரல் 25 முதல், நெரிசலான சில நாட்களில் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் வாங்குகிறார்கள். 2025இல் 54 நாட்கள் வாங்கினார்கள்: முன்கூட்டியே கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. பதினான்கு வயதுக்குக் கீழே கிடையாது. மெஸ்ட்ரேயும் வெனிஸ் நகராட்சிக்குள் இருப்பதால் அங்கே தங்கினாலும் விலக்கு உண்டு. ஆனால் அந்த நாட்களில் இணையத்தில் பதிந்து விலக்குக்கான கியூஆர் குறியீட்டை எடுத்து வைத்திருக்க வேண்டும். பதுவாவில் தங்கி வருகிற சுற்றுலாப் பயணி கட்டித்தான் ஆக வேண்டும்.

லீதோ தீவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கடற்கரை வேண்டும் என்பவர்களுக்குச் சரி, முதல் தடவை வருபவர்களுக்கு வேண்டாம்.

பதுவா வேறு கதை. வேகமான ரயிலில் அரை மணி நேரத்துக்குள், சாதாரண ரயிலில் கொஞ்சம் கூடுதல். வெனிஸுக்குத் தினமும் போய்வர மட்டும் பதுவாவில் தங்குவது எனக்குச் சம்மதமில்லை, ஏனென்றால் அந்த ஊரே பார்க்க வேண்டிய ஊர். 1222இல் தொடங்கிய பல்கலைக்கழகம், கலிலியோ பாடம் நடத்திய இடம். ஸ்க்ரொவேன்யி சிற்றாலயத்தில் 1305 வாக்கில் ஓவியர் ஜோத்தோ தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன. ஈரம் சேராமல் காற்றைச் சீராக்கும் ஒரு கண்ணாடி அறையில் உங்களை உட்கார வைத்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். முன்பதிவு கட்டாயம். அப்புறம், நம் ஊரில் 'கோடி அற்புதர்' என்று கும்பிடுகிற புனித அந்தோணியாரின் கல்லறை இங்கேதான் இருக்கிறது. உவரியிலும் புளியம்பட்டியிலும் கொழும்பு கொச்சிக்கடையிலும் கச்சத்தீவிலும் கோயில் கொண்டிருக்கும் அதே 'பதுவை' அந்தோணியார். வீட்டில் அவருக்கு நேர்ந்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் அவர்களைப் பொறுத்தவரை இந்தப் பயணத்தின் மையமே பதுவாவாக இருக்கலாம். ஜூன் 13 திருநாளை ஒட்டிப் போனால் அறைக்கு நெருக்கடி இருக்கும்.

ஐந்து நாள் கையில் இருந்து நான் திட்டம் போட்டால், முதல் மூன்று இரவு கன்னரேஜோ, அடுத்த இரண்டு இரவு பதுவா. ஃபிளாரன்ஸ், ரோம் போகும் ரயிலும் வெரோனா, மிலான் போகும் ரயிலும் பதுவா வழியாகத்தான் போகின்றன என்பதால் திரும்பி வர வேண்டிய அலைச்சல் இல்லை. இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் பதுவாவை விட்டுவிட்டு இரண்டு இரவும் தீவிலேயே. பாட்டி, தாத்தாவோடு ஆறு பேராகப் போகிறவர்கள் மெஸ்ட்ரே நிலையத்திலிருந்தோ டிராம் நிறுத்தத்திலிருந்தோ ஐந்து நிமிட நடைக்குள் வீடு பாருங்கள். 'வெனிஸுக்கு அருகில்' என்று விளம்பரம் செய்து, பஸ் மாறிப் போக வேண்டிய இடத்தில் இருக்கிற வீட்டை எடுக்க வேண்டாம்.