மலிவு விலை வேப்பிங் கருவிகள்: பாடா, பேனாவா, தனி டேங்கா?

சிகரெட்டை விட்டு, நிகோடின் திரவத்தைச் சூடாக்கி ஆவியை இழுக்கும் வேப்பிங்கிற்கு மாற நினைப்பவர் விலை குறைந்த கருவிகளைத் தேடும்போது, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பேட்டரி அளவையும் வாட் எண்ணையும்தான் முதலில் ஒப்பிடுகிறார். ஆனால் அன்றாடப் பயன்பாட்டில் திருப்தியையும் எரிச்சலையும் தீர்மானிப்பவை திரவம் நிற்கும் டேங்கும் அதற்குள் சூடாகும் கம்பிச்சுருளான காயிலும்தான். பேட்டரி ஒருமுறை செய்யும் செலவு. காயில் திரும்பத் திரும்ப வரும் செலவு. ஒழுகல், கருகிய சுவை, நீர் கொப்பளிக்கும் ஓசை ஆகிய புகார்களில் பெரும்பாலானவை டேங்கிலிருந்தே பிறக்கின்றன. ஆகவே இந்த ஒப்பீட்டில் கருவிகளை டேங்கின் வழியாகவே அணுகுகிறேன். புகைப்பழக்கமே இல்லாதவர்களுக்கும் பதின்வயதினருக்கும் பரிந்துரைக்க இதில் எதுவும் இல்லை. நிகோடினுக்கு அடிமையாக எளிய கருவியே போதும். சில நாடுகளில் இவற்றின் விற்பனையே தடைசெய்யப்பட்டுள்ளது. சட்டம் அனுமதிக்கும் இடங்களில் வாழும், ஏற்கெனவே புகைக்கும் பெரியவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகளை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். வாங்கும்போது அவை மலிவாகத் தோன்றினாலும், திரவம் தீர்ந்ததும் நல்ல நிலையிலிருக்கும் லித்தியம் பேட்டரியும் சேர்ந்தே குப்பைக்குப் போகிறது. அடுத்த வாரமே மீண்டும் வாங்க வேண்டியிருக்கிறது. நிகோடின் அளவைப் படிப்படியாகக் குறைக்கும் வசதியும் அவற்றில் இல்லை.

எஞ்சுபவற்றில் இன்று அதிகம் விற்பவை, திரவம் நிற்கும் சிறு உறையான பாடைக் கருவியில் செருகிப் பயன்படுத்தும் பாட் வகைக் கருவிகள். யூவெல் நிறுவனத்தின் கேலிபர்ன், வேப்பரெஸ்ஸோவின் எக்ஸ்ராஸ் ஆகிய இரு வரிசைகளும் இந்தப் பிரிவில் மற்றவற்றை அளக்கும் அளவுகோலாகிவிட்டன. முதல் கேலிபர்னில் 520 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரியும் 2 மில்லிலிட்டர் பாடும் இருந்தன. காயில் பாடோடு ஒட்டியே வந்ததால், காயில் தேய்ந்தால் பாடையே மாற்ற வேண்டும். அடுத்து வந்த கேலிபர்ன் ஜி 690 எம்ஏஎச் பேட்டரியோடு, காயிலை மட்டும் அடியிலிருந்து பிடுங்கி மாற்றும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. எக்ஸ்ராஸ் 3 ஒட்டிய காயிலிலேயே நின்றது. ஆனால் 1000 எம்ஏஎச் பேட்டரியையும், காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் சிறு நகர்த்தியையும், அந்த வரிசை முழுவதிலும் ஒன்றுக்கொன்று பொருந்தும் பாடுகளையும் தந்தது.

இரண்டில் எது சிக்கனம்? தனிக் காயில் மலிவு என்பதால் கேலிபர்ன் ஜி என்று சட்டெனச் சொல்லத் தோன்றும். காகிதக் கணக்கில் அது சரி. ஆனால் காயிலை மட்டும் மாற்றும் பாடுகளில் காயிலைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் பலமுறை கழற்றி மாட்டப்படுவதால் தளர்கிறது. வாய்முனைப் பகுதியின் இறுக்கமும் நாளடைவில் குறைகிறது. அப்போது பாடையும் சேர்த்தே வாங்க நேர்கிறது. ஒட்டிய காயிலில் இந்தத் தொல்லை இல்லை. தேய்ந்ததும் முழுதும் புதிதாகிவிடுகிறது. பையிலும் சட்டைப்பையிலும் நாள் முழுவதும் கருவியைப் போட்டு எடுப்பவருக்கு, கொஞ்சம் கூடுதல் செலவானாலும் எக்ஸ்ராஸ் வகையே நிம்மதி தரும் என்பது என் முடிவு.

ஒழுகலைப் பற்றி இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். பாடைக் கழற்றிப் பார்த்தால் அடியில் உள்ள இரு உலோகத் தொடுமுனைகளைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் சில துளிகள் நிற்பதைக் காணலாம். அது பெரும்பாலும் ஒழுகல் அல்ல. ஆவி குளிர்ந்து படிந்த ஈரம். மெல்லிய காகிதத்தால் பாடின் அடியையும் கருவியின் குழியையும் தினம் ஒருமுறை துடைத்தால் போதும். துடைக்காமல் விட்டால் தொடுமுனைகள் அழுக்கேறி, பாடே இல்லை என்று கருவி விளக்கு மின்னிக் காட்டும். நல்ல நிலையிலிருக்கும் பல கருவிகள் பழுதானவை என்று எறியப்படுவது இதனால்தான். புதிய காயிலில் திரவம் நிரப்பிய பின் பத்து நிமிடமாவது காயிலுக்குள் திரவத்தை உறிஞ்சும் பஞ்சு ஊறக் காத்திருப்பதும் இதே அளவு முக்கியம். காய்ந்த பஞ்சில் இழுக்கும் முதல் இழுப்பே காயிலைக் கருக்கிவிடும். அப்படி மிகையாகச் சூடாகும்போது ஃபார்மால்டிஹைடு போன்ற தீங்கான சேர்மங்களும் உருவாகின்றன. ஆகவே கருகல் சுவை வந்தால் பொறுத்துக்கொண்டு இழுக்கக் கூடாது. காயிலை மாற்ற வேண்டும்.

பேனா வடிவக் கருவிகள் இன்று சற்றே பின்தங்கிவிட்டன. இன்னோகின் நிறுவனத்தின் எண்டுரா டி18 அவற்றில் நேர்மையான கருவி: 1000 எம்ஏஎச் பேட்டரி, 2.5 மில்லிலிட்டர் டேங்க், 1.5 ஓம் (மின்தடையின் அளவு) காயில். சிகரெட்டுக்கு மிக நெருக்கமான இறுக்கமான இழுப்பு வேண்டும், பொத்தான் ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்பவருக்கு இன்றும் அது பொருந்தும். ஆனால் நீளம் அதிகம். கால்சட்டைப் பையில் வைத்து உட்கார்ந்தால் இடிக்கும்.

நான் மனமாரப் பரிந்துரைப்பது நான்காவது வழி. கழற்றி மாட்டும் ஒற்றை 18650 பேட்டரி (உருளை வடிவ லித்தியம் பேட்டரியின் ஓர் அளவு) கொண்ட சிறு மாட், அதாவது மின்சாரம் தரும் அடிப்பகுதி, ஒன்றின் மேல், சிகரெட்டைப் போல வாயில் இழுத்துப் பிறகு நுரையீரலுக்கு அனுப்பும் இழுப்புக்கென வடிவமைத்த தனி டேங்கைப் பொருத்துவதே அது. 510 என்ற பொதுவான மரை இரண்டையும் இணைப்பதால், எந்த நிறுவனத்தின் மாட்டிலும் எந்த நிறுவனத்தின் டேங்கும் அமரும்; ஒன்று கெட்டால் மற்றொன்று வீணாவதில்லை. டேங்குகளில் போட்டி ஆஸ்பயரின் நாட்டிலஸ் வரிசைக்கும் இன்னோகினின் ஸீனித்துக்கும் இடையில்தான். முதல் நாட்டிலஸ் 5 மில்லிலிட்டர் கொள்வது; நான்கு அளவுத் துளைகள் கொண்ட காற்று வளையமும் 1.6, 1.8 ஓம் காயில்களும் அதன் அடையாளம். வரிசையில் பின்னர் வந்த டேங்குகளும் அதே காயிலை ஏற்றதால், மாதிரிகள் மாறினாலும் காயில் கிடைக்காத நிலை வரவில்லை. ஸீனித் 4 மில்லிலிட்டர் கொள்வது, 0.8, 1.6 ஓம் காயில்கள், மேல்மூடியைத் திருகி மேலிருந்தே நிரப்பும் வசதி. முதல் நாட்டிலஸைத் தலைகீழாகத் திருப்பி அடியைக் கழற்றி நிரப்ப வேண்டும் என்பதால், வெளியில் நின்று நிரப்புபவருக்கு ஸீனித் எளிது. அதன் காயில்கள் அதே நிறுவனத்தின் ஸ்லைடு டேங்கிலும் பொருந்தும். சுவையில் நாட்டிலஸ் சற்றுக் கூர்மை. கையாளும் வசதியில் ஸீனித் முன்னே. தினமும் பயன்படுத்தப் போகிறவருக்கு வசதியே முக்கியம் என்பதால் ஸீனித்தைத் தேர்வேன்.

பேட்டரிக் கணக்கும் இந்த வழிக்கே சாதகம். 1000 எம்ஏஎச் பேட்டரி ஏறத்தாழ 3.7 வாட்-மணி ஆற்றல் தரும்; 12 வாட்டில் ஒவ்வொன்றும் மூன்று வினாடி என்று வைத்தால் இழப்புகள் போக முந்நூறு இழுப்புகள் வரலாம். 2500 எம்ஏஎச் கொண்ட ஒரு 18650 அதைப் போல இரண்டரை மடங்கு ஓடும். லித்தியம் பேட்டரிகள் சில நூறு முறை சார்ஜ் ஏற்றிய பின் சோர்வடைவது இயல்பு. உள்ளே அடைத்த பேட்டரி சோர்ந்தால் கருவியே முடிந்தது. கழற்றும் பேட்டரியானால் அதை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் கழற்றும் பேட்டரிக்கு ஒழுக்கம் வேண்டும். மேலுறை கிழிந்ததைப் பயன்படுத்தக் கூடாது. சாவியோடும் நாணயங்களோடும் பையில் வெறுமனே போடவே கூடாது, குறுக்குச் சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிக்கும். இதற்கென விற்கும் பிளாஸ்டிக் உறையில் வைக்க வேண்டும். இந்தக் கவனத்துக்கு மனமில்லாதவர் பாடோடு நிற்பதே பாதுகாப்பு.

பெரும் புகை கக்கும் 0.2 ஓம் டேங்குகளைச் சிக்கனக் கருவிகளின் வரிசையில் சேர்ப்பதே பொருத்தமில்லை. டேங்க் மலிவாகக் கிடைத்தாலும் 60, 70 வாட்டில் அது குடிக்கும் திரவம் பாடைப் போலப் பல மடங்கு.

திரவத்தைப் பொருத்தித் தேர்ந்தால்தான் மேற்சொன்ன ஒப்பீடு உண்மையாகும். பாடுக்கும் 1 ஓமுக்கு மேற்பட்ட காயிலுக்கும் புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் சம அளவில் கலந்த இலகுவான திரவம் வேண்டும். கிளிசரின் மிகுந்த கெட்டித் திரவம் சிறு துளைகளில் ஏறாமல் பஞ்சைக் காய வைக்கும். குறைந்த வாட்டில் புகை குறைவு என்பதால் நிகோடின் செறிவு சற்று அதிகம் தேவைப்படும். தொண்டையை உறுத்தாத நிகோடின் உப்புத் திரவங்கள் இதற்கென்றே வந்தவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு விதிகள் செறிவை மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம், டேங்கை 2 மில்லிலிட்டர் என்று வரையறுக்கின்றன. ஒரே டேங்க் வெவ்வேறு சந்தைகளில் வெவ்வேறு கொள்ளளவில் விற்கப்படுவதன் காரணம் இதுவே. சுக்ரலோஸ் சேர்த்த இனிப்புத் திரவங்கள் காயிலில் கரிப்படலமாகப் படிந்து அதன் ஆயுளை வெகுவாகக் குறைக்கின்றன. மலிவுக் கருவி வாங்கிவிட்டு இனிப்புத் திரவம் ஊற்றுபவர் மிச்சப்படுத்தியதையெல்லாம் காயிலில் இழக்கிறார்.

2019இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஹாஜெக் குழுவின் ஆய்வில், நிகோடின் பட்டை, சூயிங்கம் போன்றவற்றைப் பயன்படுத்தியவர்களில் 9.9 விழுக்காட்டினரும், மின்-சிகரெட் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினரும் ஓராண்டு முடிவில் சிகரெட் இல்லாதிருந்தனர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது திரவம் நிரப்பிப் பயன்படுத்தும் தொடக்க நிலைக் கருவிதான் என்பது இந்த ஒப்பீட்டுக்கு முக்கியம், விலையுயர்ந்தது தேவையில்லை. அதே ஆய்வில், அந்தக் கருவியால் சிகரெட்டை விட்டவர்களில் 80 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின்னும் கருவியை விடவில்லை என்பதும் பதிவாகியுள்ளது. ஆகவே வாங்கும்போதே இறங்கும் வழியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறந்து நிரப்பும் டேங்கில் 18 மில்லிகிராம் திரவத்தோடு 12ஐக் கலந்து, சில வாரங்களில் 12க்கு மாறி, பிறகு 6க்கும் 3க்கும் இறங்கலாம்.