பழைய சாமான் சந்தைல பித்தளை ஹாரன் கிராமபோன் வாங்கப் போறீங்களா, இதைப் படிச்சிட்டுப் போங்க

வாரக் கடைசில நடக்குற பழம்பொருள் சந்தைக்குப் போற பழக்கம் இருக்கறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. பளபளன்னு பித்தளை ஹாரன், முன்னாடி எச்.எம்.வி. கம்பெனியோட நாய் படம், எட்டு மூலை மரப்பொட்டி, இப்படி ஒரு கிராமபோனை "அசல் எச்.எம்.வி. சார்"னு யாராவது காட்டினா அவசரப்பட்டுப் பர்ஸைத் திறக்காதீங்க. எனக்கு வித்தது அசலும் இல்ல, பழசும் இல்ல, ஒரு பாட்டை முழுசாப் பாடவும் இல்ல.

சந்தையை நான் குறை சொல்லல. காலங்காலமா நடக்குற எடம், கடிகாரம், பூட்டு, பீங்கான், பழைய கேமரான்னு நல்ல சாமானும் நெறையவே வரும், ஒண்ணும் வாங்காம சுத்திட்டு வந்தாக்கூட நேரம் போறது தெரியாது. அந்தப் பேரைத்தான் இவங்க காசாக்குறாங்க. "எங்கப்பா காலத்துலேர்ந்து இதே எடத்துல கடை போடறோம், ஏமாத்திட்டு எங்க சார் ஓடப் போறோம்"னாரு அந்த ஆளு. கடை பழசுதான், சரக்குதான் புதுசு.

சாவி குடுத்து, ஒரு ரெக்கார்டப் போட்டு, பல்லவி முடியறதுக்குள்ள முள்ளைத் தூக்கிட்டாரு. "1942ல ஒரு பெரிய வீட்ல வாங்கினது, வீட்டை இடிக்கறப்போ வந்துச்சு"ன்னு கதை வேற. அதுக்குள்ள பக்கத்துல ஒருத்தர் வந்து நின்னு, "இதை எடுத்து வைங்க, ஏடிஎம் போய்ட்டு வந்துடறேன்"னு சொல்லிட்டுப் போனாரு, உடனே கடைக்காரர் என் பக்கம் திரும்பி, நீங்க முதல்ல கேட்டீங்க அதனால உங்களுக்குத்தான்னு சொன்னாரு, பேரம் அங்கயே முடிஞ்சு போச்சு. பொட்டியைத் தூக்கிட்டுத் திரும்பி வரும்போது பாத்தா அந்த ஏடிஎம் பார்ட்டி அதே கடைக்குப் பின்னாடி அட்டைப்பொட்டி எறக்கிட்டு இருக்காரு.

வீட்ல பாதிப் பாட்டுலயே வேகம் கொறஞ்சு குரல் இழுத்துக்கிச்சு. கிராமபோன் ரிப்பேர் பாக்குற பெரியவர் ஒருத்தர்கிட்ட கொண்டு போனேன். கழட்டிப் பாத்துட்டுச் சிரிச்சாரு. "தம்பி, இதுல மோட்டார் மட்டும்தான் கெழவன், மத்ததெல்லாம் கைக்கொழந்தை."

விஷயம் என்னன்னா, சூட்கேஸ் மாதிரி மூடி எடுத்துட்டுப் போற பழைய போர்ட்டபிள் கிராமபோன்ல இருந்து மோட்டாரை உருவி, புதுப் பொட்டில மாட்டி, மெல்லிசான பித்தளைத் தகட்டுல ஹாரன் செஞ்சு வெச்சுடறாங்க. அலங்காரப் பொருள்னு சொல்லியே விக்கறவங்களும் உண்டு, அவங்க மேல தப்பே இல்ல. அசல்னு வாய்ல வரும்போதுதான் அது மோசடி. அந்த 1942 கதையும் இடிக்குது. 1906லயே ஹாரனைப் பொட்டிக்குள்ள மறைச்சு வெக்கிற விக்ட்ரோலா வந்தாச்சு, 1920கள்லயே வெளில நீட்டிட்டு நிக்கிற ஹாரன் மெஷின் ரொம்பக் கொறஞ்சு போச்சு. நாய் படமும் அசல்ல பெரும்பாலும் மரத்து மேல ஒட்டுப்படமா இருக்கும், எனக்கு வந்ததுல பித்தளைத் தகடு வெட்டி ஆணி அடிச்சிருந்தாங்க. அதைவிட அசிங்கம், அடிப்பக்கம் பூரா ஸ்டார் ஸ்குரூ, தலைல கூட்டல் குறி போட்டது. அந்த மாதிரித் தலை வெச்ச ஸ்குரூ புழக்கத்துக்கு வந்ததே 1930கள்லதான், அதுக்கு முன்னாடி ஒத்தைக் கோடு போட்ட ஸ்குரூதான், அப்போ அந்தப் பழைய ஹாரன் மெஷின்ல இது எப்படி வரும்?

அடுத்த வாரம் திருப்பிக் குடுக்கப் போனா, "ஆன்டிக்னு நான் சொல்லவே இல்லையே, ஆன்டிக் மாடல்னுதான சொன்னேன்"கறாரு. கையில இருந்த துண்டுச் சீட்டுல 'பழைய சாமான் 1'னு மட்டும் எழுதியிருக்கு, வேற ஒரு மண்ணும் இல்ல. அவர் பக்கத்துலயே இன்னொரு கிராமபோன், அதே நாய், அதே எடத்துல அதே ஒடுக்கு. சந்தை நடத்தறவங்க கிட்ட போனா நாங்க எட வாடகை வாங்கறதோட சரி, சரக்குக்குப் பொறுப்பு இல்லன்னுட்டாங்க.

அதனால வாங்கறதா இருந்தா ஒரு பக்கம் முழுக்க, சுமார் மூணு நிமிஷம், ஓட விட்டுக் கேளுங்க. பொட்டியைக் கவுத்துப் பாருங்க. தேய்மானம் கை படுற எடத்துல, அதாவது சாவிக் கைப்பிடி, மூடி ஓரம், அங்கதான் அதிகமா இருக்கணும், எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி கறுத்துப் போயிருந்தா அது யாரோ பூசினது. பில்லுல "அசல், இன்ன காலத்துது, இல்லன்னா பணம் வாபஸ்"னு எழுதித் தரச் சொல்லுங்க, பேனாவை எடுக்கத் தயங்கினா அப்படியே நடையைக் கட்டுங்க. இதே கதைதான் லண்டன் பேரு பொறிச்ச பித்தளைத் திசைகாட்டி, டெலஸ்கோப்புக்கும். வெள்ளி ஸ்பூன்னு குடுத்தா பின்னாடி ஈ.பி.என்.எஸ்.னு முத்திரை இருக்கான்னு பாருங்க, இருந்தா அது நிக்கல் கலவை மேல வெள்ளி முலாம், அவ்ளோதான்.

ஏற்கனவே இந்த மாதிரி ஒண்ணு வாங்கி வெச்சிருக்கறவங்க தயவுசெஞ்சு அதுல எல்பி ரெக்கார்ட், அதாவது பின்னாடி வந்த வினைல் பிளாஸ்டிக் ரெக்கார்ட் போட்டுடாதீங்க. அந்த கனத்த கையும் இரும்பு முள்ளும் வினைல உழுது தள்ளிடும், ஒரு தடவை ஓடினாலே ரெக்கார்ட் காலி. நிமிஷத்துக்கு 78 சுத்து வேகத்துல ஓடுற பழைய அரக்கு ரெக்கார்ட் மட்டும்தான் போடணும், அதுக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் முள்ளை மாத்தணும். இது தெரியாத ஆளா அவரு? எனக்குப் பொட்டியைக் கட்டிக் குடுத்துட்டு, "இதுக்கு இதெல்லாம் நல்லா ஓடும் சார்"னு ஒரு கட்டு எல்பியையும் தலைல கட்டப் பாத்தாரு.